ஓட்டைக் காலணாவும் ஒரு துப்பாக்கியும்

"குடகுக்குப் போகிறாயாமே! நல்ல காபிப் பொடி வாங்கிக்கொண்டு வா" என்றார்கள் வீட்டில். "காபித் தோட்டத்தைப் பற்றி நாலு பக்கம் எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றார் ஆசிரியர். காபிப் பொடி வாங்கி வந்துவிட்டேன். கட்டுரைதான் தோட்டத்தை விட்டு வழி தவறி, ஒரு வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துவிட்டது. அந்தத் திண்ணையில் ஒரு பெரியவர், துருப்பிடித்த துப்பாக்கி ஒன்றை மடியில் போட்டுக்கொண்டு, பேத்திக்குத் தலை வாரிவிடுகிறவரைப் போல அவ்வளவு பொறுமையாக அதற்குச் சிசுருஷை செய்துகொண்டிருந்தார். அதைப் பார்த்த பிறகு தோட்டத்தைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆசிரியர் மன்னிப்பாராக!

சென்னையில் இரவு காவேரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் மைசூர். அங்கிருந்து பஸ்தான். குடகு ஜில்லாவுக்குள் இன்றுவரை ரயில் கிடையாது. ஹுன்ஸூர் தாண்டிக் குசால்நகர் வந்ததும், செக்கச் செவேலென்று பொங்கி ஓடும் ஓர் ஆற்றைப் பஸ் கடந்தது. "என்ன ஆறு?" என்று அடுத்த சீட்டு அம்மாளைக் கேட்டேன். "காவேரி" என்றார், "இது கூடத் தெரியாதா?" என்ற பார்வையுடன். தஞ்சாவூர்ப் பக்கத்தில் வளர்ந்தவளுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. நம் வயல்களுக்கு வரும் தண்ணீர் புறப்படும் தலைக்காவேரி, இந்த ஜில்லாவில்தான் இருக்கிறது. குடகுப் பெண்கள் புடவைக் கொசுவத்தை முதுகுப் பக்கம் வைத்துக் கட்டுவதற்கும் காவேரியைத்தான் காரணம் சொல்கிறார்கள். அவள் வேகமாய்ப் பாய்ந்து வந்தபோது, முன்னால் இருந்த கொசுவம் பின்னால் போய்விட்டதாம்!

1956 வரை குடகு ஒரு தனி ராஜ்யமாகவே இருந்தது. அந்த வருஷம் நவம்பர் முதல் தேதி மைசூருடன் சேர்ந்தது. ஊர் சிறிது, ஆனால் சேனைக்கு அது கொடுத்த மனிதர்கள் சிறியவர்கள் அல்லர். 1949-இல் இந்தியத் தரைப்படையின் முதல் இந்தியத் தளபதியான கரியப்பாவும் குடகர்; 1957 முதல் 1961 வரை படைத் தலைவராக இருந்த திம்மய்யாவும் குடகர். மடிக்கேரியில் திம்மய்யா பிறந்த வீட்டை 2021-இல் காட்சிசாலையாகத் திறந்தார்கள். ஆகஸ்ட் மழையில் நனைந்துகொண்டே போய்ப் பார்த்தேன்.

மழை என்றால் நம் ஊர் மழை அல்ல. வருஷத்துக்கு 3,000 மில்லி மீட்டருக்கும் மேல் கொட்டுகிற மழை! போட்ட செருப்பு மறு நாள் பூஞ்சணம் பூத்தது. இந்த ஈரத்தில் இரும்பு என்ன பாடுபடும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு ஒரு துப்பாக்கி

மடிக்கேரியிலிருந்து 20 கிலோ மீட்டர் சுமாருக்கு உள்ளே, நாபோக்லு பக்கத்தில், ஒரு தோட்ட வீட்டில் ஐந்து நாள் விருந்தாளியாகத் தங்கினேன். வீட்டுப் பெரியவர் மதராஸ் ரெஜிமெண்டில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். வெல்லிங்டனில் வருஷக்கணக்காக இருந்ததால் தமிழ் சரளமாகப் பேசினார். அவர் மனைவியோ, குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டுத் திருநெல்வேலி அம்மாளிடம் கற்ற தமிழில், "வாங்க, வாங்க! இருங்க, சாப்பிட்டுட்டுப் பேசலாம்" என்று உபசரித்தார்.

எனக்குத் துப்பாக்கி என்றால் பயம். சினிமாவில் வெடித்தாலே காதைப் பொத்திக்கொள்கிறவள் நான். திண்ணையில் ஒன்றைக் கண்டதும் நாலடி தள்ளியே நின்றேன். பெரியவர் சிரித்துக்கொண்டு, கீழே இருந்த நெம்புகோலை இழுத்து அறையைத் திறந்து, உள்ளே பார்த்தார். சுண்டு விரலைவிட்டுத் தடவியும் பார்த்தார்.

"தோட்டா எல்லாம் வேறு அறையில், வேறு பெட்டியில், வேறு பூட்டில் இருக்கு அம்மா. ஆனாலும் கையில் எடுக்கிறபோதெல்லாம் பார்க்கணும். காலி என்று நினைச்ச துப்பாக்கிதான் ஆளைக் கொன்றிருக்கு."

நம் ஊரில் துப்பாக்கி வைத்திருப்பவர் என்றால் மிராசுதார், இல்லாவிட்டால் பாங்குக் காவல்காரர். குடகில் அது பூஜை அறைச் சாமான். ஆங்கிலேயர் காலத்திலேயே கொடவர்களுக்கும், 'ஜம்மா' என்ற பரம்பரை நிலம் உடையவர்களுக்கும் ஆயுத லைசென்ஸிலிருந்து விலக்கு அளித்தார்கள். சுதந்திர இந்தியாவும் அதைத் தொடர்ந்தது. 2019-இல் மத்திய அரசாங்கம் அந்தச் சலுகையை 2029 வரை நீட்டித்தது. இது செல்லாது என்று ஒரு வழக்கு வந்தபோது, செல்லும் என்று 2021-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதனால் கணக்கு வழக்கே கிடையாதென்று எண்ணிவிட வேண்டாம். விலக்குச் சான்றை உறை போட்டு, ரேஷன் கார்டைப் போலப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

பழைய வழக்கப்படி, வீட்டில் ஆண் குழந்தை பிறந்தால் வானத்தை நோக்கி ஒரு வெடி. யாராவது இறந்தால் இரண்டு வெடி. மலைச் சரிவில் இங்கொன்றும் அங்கொன்றுமாக வீடுகள் இருக்கும் ஊரில், மழையிலும் பனியிலும் செய்தி சொல்ல அதுவே தபால், அதுவே தந்தி. வெடிச் சத்தத்தை எண்ணினால் போதும். சந்தோஷமா, துக்கமா என்று தெரிந்துவிடும்.

வேட்டைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. 1972-இல் வன விலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இப்போது புலிக்குப் பதிலாகத் தேங்காய்தான் குறி! உயரமான மரத்தில் தேங்காயைக் கட்டிச் சுடுவார்கள். பெண்களும் போட்டியில் சேர்ந்துகொள்கிறார்கள்.

அஞ்சறைப் பெட்டி ஆயுதங்கள்

பெரியவரின் துப்பாக்கி அவர் தகப்பனார் வாங்கியது. .22 ரைபிள், ஒரு தடவைக்கு ஒரு தோட்டாதான். பரணில் பல மழைக்காலம் கிடந்து, இரும்பெல்லாம் சிவப்பாகப் பொரிந்து, வால்நட் மரக்கட்டை கறுத்து, நடுவில் விரிசலும் கண்டிருந்தது.

"உள்ளே இருக்கிற விசை, குழல் எல்லாம் லைசென்ஸ் உள்ள பட்டறைக்காரர் பார்த்தாச்சு. சுடலாம் என்று சொல்லிவிட்டார். அதிலே நான் கை வைக்கமாட்டேன். மேலே இருக்கிற அழுக்கும் மூப்பும்தான் என் வேலை" என்றார்.

அந்த வேலைக்கு அவர் வைத்திருந்த கருவிகளைப் பார்த்தால் நீங்கள் சிரிப்பீர்கள். நம் வீட்டு அஞ்சறைப் பெட்டி மாதிரி ஒரு பழைய பிஸ்கட் டப்பா. அதில் உடைந்த ஜன்னல் கண்ணாடித் துண்டு இரண்டு. ரம்பத் தகட்டின் முறிந்த நுனியைத் தீட்டிப் பாக்கு மரப் பிடி போட்ட சுரண்டி. ஆணித் தலையின் பள்ளத்துக்குச் சரியாக அராவிய திருப்புளி. தேய்ந்த பல் துலக்கும் பிரஷ். சைக்கிள் ட்யூபை வெட்டிய ரப்பர் ரிப்பன். தூண்டில் நைலானில் துணி கட்டிய ஒரு கயிறு. கடைசியாக, நூலில் கோத்த ஓர் ஓட்டைக் காலணா!

"இது எதற்கு?" என்றேன்.

"இதுதான் பெரிய டாக்டர்" என்றார்.

இரும்பை இரும்பால் சுரண்டினால் கீறல் விழும். அரக்கத் தாளால் தேய்த்தாலோ துருவோடு பழைய எழுத்தும் போய்விடும். காலணா வெண்கலம். உருக்கைவிட மென்மை. எண்ணெயைப் போட்டு ஊறவிட்டு, அதன் விளிம்பால் மெள்ளத் தள்ளினால் துரு மட்டும் உதிரும்; இரும்புக்கு நோகாது. செல்லாக் காசு என்கிறோமே, அது செல்லுகிற இடம் ஒன்று இருக்கத்தான் செய்கிறது!

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். செம்பொடி விலக விலக, உலோகத்தில் ஒரு சின்னம் தெரிந்தது. மூன்று குட்டித் துப்பாக்கிகள் ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து நின்றன. "இதை நான் பார்த்திருக்கிறேனே!" என்று கத்திவிட்டேன். என் அப்பாவின் சைக்கிளில், ஹாண்டிலுக்குக் கீழே இருந்த தகட்டில் இதே சின்னம்! பி.எஸ்.ஏ. என்றால் 'பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ்'. 1861-இல் துப்பாக்கித் தொழிலாளிகள் சேர்ந்து தொடங்கிய கம்பெனி. பிறகுதான் சைக்கிள் செய்யத் தொடங்கியது. அதே பெயரில் நம் அம்பத்தூரிலும் சைக்கிள் தயாராயிற்று. பாரில் என்னை உட்கார வைத்து அப்பா பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டபோதெல்லாம், மூன்று துப்பாக்கிகளைக் காலடியில் வைத்துக்கொண்டு போயிருக்கிறேன்! அதற்குப் பிறகு நாலடி தள்ளி நிற்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

மரக்கட்டையில் இருந்த பள்ளங்களுக்கு வைத்தியம் செய்தவர் அம்மாள். மழையில் கரண்ட் போய்விடவே, கரி போட்ட பழைய இஸ்திரிப் பெட்டியை எடுத்தார். ஈரத் துணியை மடித்துப் பள்ளத்தின் மேல் வைத்து, அதன் மேல் பெட்டியை ஒத்தினார். 'உஸ்' என்று ஆவி எழுந்தது. நாலைந்து தடவை ஒத்தியதும் பள்ளம் மேலே வந்துவிட்டது! அடிபட்ட இடத்தில் மர நார் நசுங்கிப்போகிறதே தவிர, அற்றுப் போவதில்லை. ஆவி பட்டதும் நீரைக் குடித்து மறுபடி உப்புகிறது. கத்தி வெட்டிய காயத்துக்கு இது பலிக்காது. உங்கள் வீட்டு மேஜையில் பாத்திரம் விழுந்து பள்ளமாகி இருந்தால் செய்து பாருங்கள். ஆனால் மெருகு பூசிய மேஜையானால் வேண்டாம், மெருகு வெளுத்துவிடும்.

விரிசலில் அரால்டைட் பசையைவிட்டு, சைக்கிள் ட்யூப் ரிப்பனை இறுக்கிச் சுற்றி ஒரு ராத்திரி வைத்தார் பெரியவர். எலும்பு முறிந்த கைக்குக் கட்டுப் போட்டதுபோல் இருந்தது.

மறு நாள் குடும்பச் சண்டை ஒன்று. கட்டையின் அடியில் மாட்டும் இரும்புத் தகட்டைக் கொதிக்க வைக்க வேண்டுமாம். அதற்கு அம்மாளின் பாத்திரம் வேண்டும்! "சாதம் வடிக்கிற பாத்திரத்திலா?" என்று அவர் சீற, கடைசியில் மாட்டுக்குக் கழுநீர் வைக்கும் குண்டான் சமாதானமாயிற்று. கூரையிலிருந்து பிடித்த மழைத் தண்ணீரில் அரை மணி கொதித்த பிறகு இடுக்கியால் எடுத்தார். உள்ளே போகும்போது சிவப்பாயிருந்த துரு, வெளியே வரும்போது கறுப்பு வெல்வெட்! சிவப்புத் துரு இரும்பைத் தின்னும். கொதிநீரில் அது கறுப்புத் துருவாக மாறிவிட்டால், உறுதியாய் ஒட்டிக்கொண்டு இரும்பைக் காக்கும். பழைய பட்டறைகளில் துப்பாக்கிக்குக் கறுப்பு ஏற்றியதும் இந்த முறையில்தான்.

மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய். நாம் புதுத் தோசைக் கல்லைப் பழக்குவதில்லையா? அதைப் போலத்தான். ஒரு சொட்டு, உள்ளங்கைச் சூடு, நிறையத் தேய்ப்பு. இதிலே ஒரு எச்சரிக்கை: எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பிடித்துவிடும். இந்த எண்ணெய் காற்றிலுள்ள பிராண வாயுவைக் குடித்துத்தான் உலர்கிறது. அப்போது சூடு பிறக்கிறது. ஆகையால் அம்மாள் துணியை விரித்துக் கொடியில் போட்டு உலர்த்தின பிறகுதான் வேறு வேலை பார்த்தார்.

"எத்தனை நாள் பூச வேண்டும்?" என்று கேட்டேன்.

"ஒரு வாரம் தினம் ஒரு தடவை, ஒரு மாதம் வாரம் ஒரு தடவை, ஒரு வருஷம் மாதம் ஒரு தடவை. பிறகு ஆயுள் முழுக்க வருஷத்துக்கு ஒரு தடவை."

"யாருடைய ஆயுள்?"

பெரியவருக்கு வயது 79. சற்று நேரம் மரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "துப்பாக்கியின் ஆயுள்" என்றார்.

சமையலறையில் கேட்டது

அன்று இரவு அடுப்படியில் அம்மாள் கடம்புட்டு உருட்டிக்கொண்டிருந்தார். அரிசிக் குருணையில் செய்யும் உருண்டைக் கொழுக்கட்டை அது. நானும் உருட்டினேன், என் உருண்டைகள் எல்லாம் தட்டையாகவே வந்தன.

"இவ்வளவு வருஷம் பரணில் கிடந்ததற்கு இப்போது ஏன் இவ்வளவு சிரத்தை?" என்று மெதுவாகக் கேட்டேன்.

அம்மாள் கதவைப் பார்த்துக்கொண்டார். "இவர் சொல்லமாட்டார். நான் சொல்றேன். எங்க பேத்தி பிறந்தப்போ, 'ஒரு வெடி வையுங்க'ன்னு நான் கேட்டேன். 'பையனுக்குத்தானே வழக்கம்' அப்படீன்னார். நான் விடலை. அப்புறம், 'துப்பாக்கி துருப்பிடிச்சுக் கிடக்கு, எப்படிச் சுடறது?'ன்னார். வீட்டிலே இன்னொரு துப்பாக்கி நல்லாத்தான் இருந்தது. நானும் பேசலை, அவரும் பேசலை. பத்தொன்பது வருஷம் ஆச்சு."

கொழுக்கட்டையை உருட்டும் கை நிற்கவே இல்லை. குரலில் கோபமும் இல்லை. கணவரின் ஒவ்வொரு சொல்லையும் நினைவில் வைத்துக்கொண்டு, அதைப் பற்றிப் பேசாமலே குடித்தனம் செய்கிற பெண்களை நான் எங்கள் தெருவிலும் பார்த்திருக்கிறேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

பேத்தி மைசூரில் கல்லூரியில் படிக்கிறாள். என்.சி.சி.யில் சேர்ந்திருக்கிறாள். அங்கே அவர்களுக்குச் சுடக் கற்றுக்கொடுப்பதும் .22 ரைபிளில்தான். போன லீவில் வந்தவள் பரணில் ஏறி இதைக் கீழே இறக்கி, "தாத்தா, இது யாருக்கு?" என்று கேட்டாளாம். அவர் பதில் சொல்லவில்லையாம். மறு நாள் காலையில் பிஸ்கட் டப்பாவைத் திறந்தாராம்.

செப்டம்பர் 3

சென்னைக்குத் திரும்பிவிட்டேன். ஆனால் மனம் திரும்பவில்லை. 'கைல் போள்து' என்ற ஆயுத பூஜைக்கு அவசியம் வர வேண்டும் என்று அம்மாள் சொல்லியிருந்தார். செப்டம்பர் 3-ஆம் தேதி மறுபடியும் நாபோக்லுவில் இருந்தேன். நாற்று நடவு முடிந்து, ஆட்கள் ஓய்ந்து உட்காரும் சமயத்துப் பண்டிகை அது. நம் சரஸ்வதி பூஜைக்கு ஒரு மாதம் முந்தி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நடுக் கூடத்தில் தூக்கு விளக்கு எரிந்தது. அதன் முன்னே கத்தியும் துப்பாக்கிகளும் சந்தனப் பொட்டுடன் வரிசையாக இருந்தன. நம் ரைபிளை எனக்கு அடையாளமே தெரியவில்லை! மரம் நல்ல டிகாக்ஷன் நிறத்தில் பளபளத்தது. அடித் தகடு கறுப்புப் பட்டு. குழலின் வாயில் ஒரு பூ.

அந்தப் பூவைக் கண்டு இரண்டாம் தடவையாகக் கத்தினேன். அது நம் செங்காந்தள்! பெண்களின் விரலுக்குச் சங்கப் புலவர்கள் உவமை சொன்ன பூ. தமிழ்நாட்டின் மாநிலப் பூ. இங்கே அதன் பெயர் 'தோக்குப் பூ'. தோக்கு என்றால் துப்பாக்கி. விரல் மாதிரி இருக்கிறது என்று நாம் மயங்கிய பூவைத் துப்பாக்கிக்குச் சூட்டி அழகு பார்க்கிறார்கள் இவர்கள்.

பூஜை முடிந்து, கடம்புட்டும் பன்றிக் கறியும், எனக்காகத் தனியே வைத்த காளான் குழம்புமாகச் சாப்பாடு ஆயிற்று. பிறகு வீட்டுப் பெரியவர் துப்பாக்கியை எடுத்து இளையவர் கையில் கொடுக்க வேண்டும். அதுதான் முறை. பேரன்மார் இருவர் முன்னால் வந்து நின்றார்கள். பெரியவர் ரைபிளை எடுத்தார். அறையைத் திறந்து விரலால் தடவிப் பார்த்தார். பேரன்களைத் தாண்டி நடந்து, கதவோரம் பாட்டியின் பக்கத்தில் நின்ற பேத்தியின் இரண்டு கைகளிலும் வைத்தார். சட்டைப் பையிலிருந்து ஓட்டைக் காலணாவை எடுத்து, நூலோடு அதையும் கொடுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

அம்மாள் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "விளக்குப் புகை" என்றார். தூக்கு விளக்கு எங்களுக்கு வெகு தூரத்தில் இருந்தது.

பிற்பகல் ஊர் மைதானத்தில் தேங்காய்ப் போட்டி. மழை கொஞ்சம் விட்டிருந்தது. பேத்தியின் முறை வந்தது. நான் வழக்கம்போல் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். 'பட்' என்று சின்னச் சத்தம், அவ்வளவுதான். தேங்காய் அசையக்கூட இல்லை. பையன்கள் சிரித்தார்கள். பேத்தி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"ஐயோ பாவம், குறி தப்பிவிட்டதே!" என்றேன் அம்மாளிடம்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். முகம் முழுவதும் சிரிப்பு.

"தப்பினால் என்னம்மா? குழந்தை பிறந்த வெடிக்கு யாராவது குறி பார்ப்பார்களா?"

இரண்டடி தள்ளி நின்ற பெரியவருக்கு அது காதில் விழுந்தது என்று நினைக்கிறேன். மேலே பார்த்துக்கொண்டு, மழை வருமா, வராதா என்று யோசிப்பதுபோல் நின்றார்.